மூடி சாத்தியிருக்கிறதா, விலகியிருக்கிறதா?

கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவமும் கணினி விஞ்ஞானமும் அடுத்தடுத்துப் படிப்பிக்கப்படுகின்றன. ஒரு மூலிகைச் சேர்வை மார்பகப் புற்றுநோய்க்கு உதவுமா என்று, அதை நோய்ப் புரதத்தின் குழிக்குள் மடிக்கணினியில் பொருத்திப் பார்க்க அங்கே யாருக்கும் ஆசை வரலாம். மென்பொருள் இலவசம்தான். பிழைகளும் அப்படித்தான்.

மார்பகப் புற்றுநோய்களில் பத்துக்கு ஏழு, ஈஸ்திரஜன் என்ற பெண் ஓமோனைப் பிடிக்கும் புரதமான ஈஸ்திரஜன் வாங்கியைக் கொண்டவை. 595 அமினோ அமிலங்களாலான அந்தப் புரதத்தில் ஓமோன் அமர ஒரு குழி உண்டு. புரதச் சங்கிலியின் 12ஆம் சுருள் அதற்கு மூடி. ஈஸ்திரடயோல் என்ற ஈஸ்திரஜன் அமர்ந்ததும் மூடி சாத்திக்கொள்ளும், துணைப்புரதம் வந்து ஒட்டும், கலம் பெருகத் தொடங்கும். அந்த ஓமோனைத் தடுக்கும் மருந்தான தமொக்சிபனுக்கோ நீண்ட வால். அது வெளியே நீட்டி நிற்பதால் மூடி சாத்தாது. விலகிப்போய், துணைப்புரதம் ஒட்டவேண்டிய பள்ளத்திலேயே படுத்துவிடும்.

ஆகவே வாங்கியின் எந்த வடிவத்தைத் தரவிறக்குகிறோம் என்பதே முதல் கேள்வி. புரத வடிவங்களைச் சேமித்துவைக்கும் புரதத் தரவு வங்கியில் 1ஈஆர்ஈ (1ERE) என்ற பதிவு மூடி சாத்தியது, 3ஈஆர்டி (3ERT) விலகியது. சாத்திய குழிக்குள் வாலுள்ள மூலக்கூறைத் திணித்தால் நல்ல மருந்தும் தோற்கும். அடுத்து, அந்தப் பதிவிலுள்ள நீர். எல்லா நீரையும் அழிப்பது வழக்கம். ஆனால் குளூட்டமேற் 353, ஆர்ஜினைன் 394 (எண், புரதத்தில் அந்த அமினோ அமிலத்தின் இடம்), மருந்தின் ஐதரொட்சில் மூன்றையும் கோக்கும் ஒரு நீர் மூலக்கூறை விட்டுவைக்க வேண்டும். வால் நுனி நைதரசனுக்கு நேர் ஏற்றம் கொடுக்க மறந்தால் அஸ்பார்டேற் 351 அதைப் பிடிக்காது. தமொக்சிபனை அப்படியே வைப்பதும் தவறு: ஈரல் மாற்றித்தரும் 4-ஐதரொட்சி வடிவமே வாங்கியை இறுகப் பற்றுவது.

புதிய சேர்வையைத் தொடுமுன் 3ஈஆர்டியிலுள்ள மருந்தையே எடுத்துத் திரும்பப் பொருத்திப் பார்க்க வேண்டும். பழைய இடத்திலிருந்து 2 அங்ஸ்ட்ரோமுக்குமேல் (ஓர் அங்ஸ்ட்ரோம், மீற்றரின் ஆயிரம் கோடியில் ஒன்று) விலகினால் அமைப்பில் கோளாறு.

பொருத்தத்துக்கு மென்பொருள் தரும் புள்ளிகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஓட்டோடொக் வீனா என்ற பொருத்தும் மென்பொருள் ஒரு சேர்வைக்கு −9.1, இன்னொன்றுக்கு −9.6 கிலோகலோரி (மோலுக்கு; குறைந்தால் இறுக்கம் அதிகம்) தந்தால் இரண்டாவது சிறந்தது என்று எழுதிவிடுகிறார்கள். 1.4 கிலோகலோரி என்றாலே பிணைப்பில் பத்து மடங்கு வித்தியாசம். வீனாவின் வழு அதைவிடப் பெரிது.

மிஞ்சியவற்றை, மூலக்கூறுகளின் அசைவைக் கணிக்கும் குரோமாக்ஸ் மென்பொருளில் அசைத்துப் பார்க்கலாம். 2 பெம்டோ செக்கன் (ஒரு நனோ செக்கனில் 10 இலட்சம் பெம்டோ செக்கன்) படியில் 100 நனோ செக்கனுக்கு 5 கோடி படிகள். இடையில் கரண்ட் போனாலும் பயமில்லை: 15 நிமிடத்துக்கு ஒருமுறை அது நிலையைச் சேமிக்கும், அங்கிருந்தே தொடரலாம்.

தைரோசின் 537 சேரினாக மாறிய கட்டிகளில் ஓமோன் இல்லாமலே மூடி சாத்திக்கொள்கிறது. இத்தகைய மாற்றமுள்ள நோய்க்குத்தான் 2023இல் எலசெஸ்ட்ரன்ற் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 3ஈஆர்டியில் தேறிய பட்டியலை அந்த மாறிய வாங்கியில் மறுபடியும் ஓட்ட வேண்டும்.