வாளியைத் திறக்க முன் சுவரைப் பாருங்கள்

தீபாவளிக்கு மூன்று கிழமை இருக்கும்போதுதான் கொழும்பில் எங்கள் ஆட்கள் பாதிப் பேருக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் யோசனை வருகிறது. அது ஒக்டோபர், நவம்பர். பின்னேரமானால் இடி முழக்கத்தோடு மழை கொட்டுகிற, சுவரெல்லாம் ஊறிப்போயிருக்கிற காலம். எனக்குப் போன் எடுத்து, "பழைய பெயின்ட் நல்லாத்தான் இருக்கு அண்ணே, மேலால ஒரு கோட் அடிச்சுவிட்டால் காணும்" என்பார்கள். அடித்தும் விடுவார்கள். தை மாதம் அது தோல் தோலாக உரியும்போது எல்லாரும் திட்டுவது பெயின்ட் கம்பனியை.

புதுப் பெயின்ட் ஒட்டுவது சுவரில் இல்லை, பழைய பெயின்டில். பழையது சுவரை விட்டால் புதியதையும் கூட்டிக்கொண்டுதான் கழரும். அதனால் கலர் காட் பார்ப்பதற்கு முன்னால் உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தடவிப் பாருங்கள். கையில் மா மாதிரித் தூள் ஒட்டினால், அந்தத் தூளைக் கழுவி எடுத்து, காயவிட்டு, பிறைமர் (பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்காமல் மேலே எதை அடித்தாலும் வீண். அப்புறம் பிளேடால் ஒரு பெருக்கல் குறி கீறி, நல்ல டேப் ஒன்றை அதன்மேல் அழுத்தி ஒட்டிச் சடக்கென்று இழுங்கள். டேப்போடு பெயின்டும் வந்தால் அந்த இடம் சுரண்டத்தான் வேண்டும். கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகளில் இப்படி இழுத்தால் ஐந்தாறு கலர் ஒன்றாக வந்து, கடைசியில் வெள்ளைச் சுண்ணாம்பு தெரியும். சுண்ணாம்பு அடித்த சுவரில் இமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயின்ட்) நிலைக்காது, எத்தனை கோட் போட்டாலும்.

இனி உப்பு. கொழும்பில் இது இரண்டு வகை, இரண்டுக்கும் மருந்து நேரெதிர்.

முதலாவது உள்ளேயிருந்து வருவது. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும் பெயின்ட் பொருமி நிற்கும். விரலால் குத்தினால் வெள்ளைத் தூள் கொட்டும். சுவர் உப்புப் பூக்கிறது என்போமே, அதுதான். ஈரம் சுவருக்குள் ஏறி, செங்கல்லிலும் சீமெந்திலும் உள்ள உப்பைக் கரைத்து வெளிப்பக்கம் கொண்டுவருகிறது. தண்ணீர் காய்ந்துபோக, மிஞ்சிய உப்பு பளிங்காகி பெயின்டைத் தள்ளுகிறது. இதைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போய்விடும். உலர்ந்த பிறஷால் தட்டி எடுத்துவிட்டு, ஈரம் வரும் வழியைத் தேடுங்கள்: பக்கத்துக் குளியலறைக் குழாய், உடைந்த பீலி, மேல்மாடி பல்கனி, வெளியே சுவரோடு குவிந்து கிடக்கும் மண். வழியை அடைக்காமல் உட்பக்கம் டம்ப் புறூஃப் என்று ஈரம் தடுக்கும் பூச்சு ஏதாவது பூசினால் ஈரம் இன்னும் ஓரடி மேலே ஏறி அங்கே பொருமும், அவ்வளவுதான். சந்தேகமென்றால் ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் ஒன்றை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பொலித்தீனுக்கும் சுவருக்கும் நடுவில் தண்ணீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் ஈரம், பெயின்டுக்கு நாள் குறிக்க வேண்டாம்.

இரண்டாவது கடலுப்பு. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் வீடு என்றால், வெளிச்சுவரிலும் யன்னல் கிறிலிலும் காற்று கொண்டுவந்த உப்பு படிந்திருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இதை நல்ல தண்ணீரால் தாராளமாகக் கழுவத்தான் வேண்டும், காய்ந்தவுடன் தாமதிக்காமல் பிறைமர் அடித்துவிடவும் வேண்டும், ஒரு கிழமை விட்டால் திரும்பப் படிந்துவிடும். கிறிலில் துருவை வயர் பிறஷால் தேய்த்தீர்களென்றால் அன்றைக்கே துருத்தடுப்பு பிறைமர். வெளிச்சுவருக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கிவிடும்.

கறுப்புப் புள்ளிகள் அழுக்கா பூஞ்சணமா என்று தெரியாவிட்டால் ஒரு துளி பிளீச் வையுங்கள். நிறம் வெளுத்தால் பூஞ்சணம். ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து பூசி, கால் மணித்தியாலம் விட்டுக் கழுவுங்கள். யன்னலைத் திறந்து, கையுறையோடு. கழிவறை கழுவும் அசிட்டையோ அமோனியா உள்ள எதையுமோ பிளீச்சோடு சேர்க்கவே வேண்டாம், நச்சு வாயு கிளம்பும். பூஞ்சணத்தின் மேலேயே பெயின்ட் அடித்தால் அது பெயின்டைத் துளைத்துக்கொண்டு வரும்.

நான் அதிகம் பயப்படுவது பழைய எனாமலுக்குத்தான், மரத்துக்கும் இரும்புக்கும் அடிக்கும் மினுங்கல் பெயின்டுக்கு. கதவு, யன்னல், நிலை, படிக்கட்டுக் கைபிடி. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் கட்டளைப்படி 2013 ஜனவரி முதல் எனாமலில் ஈயம் கிலோவுக்கு 600 மில்லிகிராமையும் இமல்ஷனில் 90 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்று வந்தது. அதற்கு முந்திய எனாமலில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது, ஆகவே இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூள் தரையில் படியும், தவழும் பிள்ளை கையில் எடுத்து வாயில் வைக்கும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்வது. ஆகவே வோட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் சாண்ட் பேப்பர்) நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். மினுக்கம் போனால் போதும், மரம் தெரியத் தேவையில்லை. தீப்பந்தம் பிடித்து எரித்துச் சுரண்டும் பழக்கம் இன்னும் சில பெயின்ட் பாஸ்மாரிடம் இருக்கிறது, விடவே விடாதீர்கள், ஈயப் புகையைச் சுவாசிப்பது முதலில் அவர்தான். தரையில் பொலித்தீன் விரியுங்கள், முடிந்ததும் விளக்குமாறு வேண்டாம், ஈரத்துணி. பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த ஒன்றிரண்டு நாள் வேறிடத்தில் விடுங்கள்.

அதே மாதிரி அஸ்பெஸ்டஸ் சீலிங்கைத் தேய்க்கவே வேண்டாம், சாண்ட் பேப்பரும் கூடாது வயர் பிறஷும் கூடாது. ஈரத்துணியால் மெல்லத் துடைத்துவிட்டு பிறைமர் அடியுங்கள்.

வெடிப்புக்குப் புட்டி போடுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஒன்று மட்டும் சொல்கிறேன்: உட்பக்கப் புட்டியை வெளிச்சுவருக்குப் போடாதீர்கள். சீமெந்து பூசித் திருத்திய இடமென்றால் நாலு கிழமை ஆறவேண்டும். "நாளைக்கே அடியுங்கோ" என்று நெருக்கினால் சீமெந்தின் காரம் கலரைத் தின்றுவிடும்.

விலை கேட்கும்போது கழுவல், சுரண்டல், பூஞ்சண மருந்து, புட்டி, பிறைமர் ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். "சுவர் கிளீன் பண்ணி" என்ற ஒரே வரி என்றால் தும்புத்தடியால் ஒரு தட்டு தட்டுவதும் அதற்குள் அடங்கும். பிறைமர் அடிக்கிற அன்றைக்கு லீவு போட்டாவது வீட்டில் நில்லுங்கள், மேல் கோட் விழுந்த பிறகு அடியில் பிறைமர் இருக்கிறதா என்று எனக்கே பார்த்துச் சொல்ல முடியாது.