ஒரே பிட்டில் ஒரு ‘மேற்படி’

குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் 200 வெப்பநிலை சென்சார்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 10 விநாடிக்கு ஒருமுறை ஓர் எண் அனுப்புகிறது. நாளொன்றுக்கு 17,28,000 எண்கள். வருடத்துக்கு 63 கோடி. இவற்றை வழக்கமான டேட்டாபேஸில் ஒரே டேபிளாகக் கொட்டினால் முதல் சில மாதங்கள் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒருநாள், ‘7-ஆம் அறையின் போன மாத வெப்பநிலையைக் காட்டு’ என்று கேட்போம். 200 சென்சார்களின் வரிகளும் வந்த வரிசையில் கலந்து கிடப்பதால், அந்த ஓர் அறைக்காக மாதத்தின் பெரும்பாலான பக்கங்களைப் புரட்ட வேண்டியிருக்கும்.

பழைய கடைக் கணக்குப்பிள்ளைகளுக்கு இதற்கு விடை தெரியும். வரவு செலவை நடந்த வரிசையில் சிட்டாவில் எழுதுவார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் பேரேட்டில் பெயர்த்து எழுதுவார்கள். இப்படி நேரத்தோடு வரும் எண்களுக்கென்றே உருவான காலவரிசை டேட்டாபேஸ்கள் (time-series database) பலவும் செய்வது இதையேதான். வரும் எண் முதலில் ஒரு லாக் கோப்பின் கடைசியில் ஒட்டப்படுகிறது. மின்சாரம் போனாலும் அது தொலையாது. பிறகு மெமரியில் சென்சார் வாரியாகச் சேர்ந்து, கட்டுக் கட்டாக டிஸ்குக்குப் போகிறது.

சென்சார் வாரியாகச் சேர்த்ததும் இன்னொரு லாபம் கிடைக்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் அது. நேரத்துக்கு 8 பைட், மதிப்புக்கு 8 பைட் என ஓர் அளவீட்டுக்கு 16 பைட் தேவை. ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2015-இல் வெளியிட்ட கொரில்லா என்ற வடிவமைப்பில் அது சராசரியாக 1.37 பைட்டாகச் சுருங்கியது. எப்படி?

முதலில் நேரம். 10:00:00, 10:00:10, 10:00:20, 10:00:31 என்று வருகிறது. இடைவெளிகள் 10, 10, 11. இடைவெளிகளுக்குள் உள்ள வித்தியாசம் 0, 1. சென்சார் ஒழுங்காக அனுப்பும்வரை இந்த வித்தியாசம் பூஜ்யமாகவே இருக்கும். பூஜ்யத்தை எழுத ஒரே ஒரு பிட் (0 அல்லது 1 என்ற ஒற்றைக் குறி) போதும். கணக்கேட்டில் ௸ என்று ஒரு குறி போட்டு ‘மேற்படி’ என்பார்களே, அதே வேலை. ஃபேஸ்புக்கின் தரவில் 96 சதவீத நேரங்கள் இப்படி ஒற்றை பிட்டில் அடங்கின.

அடுத்தது மதிப்பு. 4.5 டிகிரி என்பது கணினிக்குள் 8 பைட், அதாவது 64 பிட்டுகளாக இருக்கிறது. அடுத்து 4.25 வந்தால், இரண்டையும் பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, மாறியிருக்கும் இடத்தில் மட்டும் 1 போடுகிறார்கள். 64-இல் மாறியிருப்பவை பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டே பிட்டுகள். அந்தத் துண்டையும் அதன் இடத்தையும் எழுதினால் போதும். மதிப்பு மாறவே இல்லையென்றால் மறுபடியும் ஒரே பிட்.

4.1, 4.2 போன்ற எண்களிடம் இது இவ்வளவு அழகாகப் பலிக்காது. 0, 1 மட்டுமே கொண்டு எழுதும் இரும முறையில் அவை முடிவில்லாமல் நீள்பவை என்பதால் நிறைய பிட்டுகள் மாறிவிடும். பத்தால் பெருக்கி 41, 42 என்று முழு எண்ணாகச் சேமிப்பது நல்லது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? விநாடிக்கு எத்தனை எண் எழுதும் என்ற போட்டிப் பட்டியலை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் கேட்க வேண்டியது, தரவு தாமதமாக வருமா என்பது. கிடங்கில் இரண்டு மணி நேரம் இணையம் போய், பிறகு பழைய எண்கள் மொத்தமாக வந்து சேரலாம். கொரில்லாவின் சுருக்க முறையைத் தழுவிய ப்ரொமீதியஸ், சர்வர்களைக் கண்காணிப்பதற்கு அருமையான கருவி. ஆனால் அது தானே போய் எண்களை எடுத்து வரும் வகை. ஒரு சென்சாரின் புதிய எண்ணை வாங்கிய பிறகு அதன் பழைய எண்ணைக் கொடுத்தால், தனியாக அமைத்து வைத்திருந்தால் ஒழிய ஏற்காது. இந்தக் கிடங்குக்கு நான் டைம்ஸ்கேல்டிபியைத்தான் எடுப்பேன். அது போஸ்ட்கிரெஸ் என்ற வழக்கமான டேட்டாபேஸின் மேல் அமர்ந்த நீட்சி. தாமதமான வரிகளை வாங்கிக்கொள்ளும்; எந்த அறையில் யாருடைய சரக்கு என்ற டேபிளோடு, எஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் கேள்வி மொழியிலேயே சேர்த்துக் கேட்கலாம். டேபிளைக் காலத் துண்டுகளாக வெட்டி வைப்பதால், பழைய மாதத்தை நீக்கும்போது வரி வரியாக அழிக்காமல் துண்டையே தூக்கிப் போட்டுவிடலாம்.

ப்ரொமீதியஸ்தான் என்று முடிவானால் லேபிள்களில், அதாவது எண்களோடு ஒட்டும் அடையாளக் குறிப்புகளில், கவனமாக இருங்கள். லேபிள்களின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் அது ஒரு தனி எண் வரிசை தொடங்கும். அறை எண், சென்சார் எண் என்று வைத்தால் 200 வரிசைகள்தான். யாராவது லாரி ரசீது எண்ணையும் லேபிளாகச் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு லாரிக்கும் ஒரு புது வரிசை பிறக்கும். ஒவ்வொன்றுக்கும் பேரேட்டில் தனிப் பக்கம், மெமரியில் தனி இடம். எந்த வரிசையும் ‘மேற்படி’ போடும் அளவுக்கு நீளாது. அந்த ரசீது எண்ணைப் பக்கத்தில் ஒரு வழக்கமான டேட்டாபேஸின் டேபிளில் ஒரு வரியாக எழுதி வைத்தால் போதும்.