இம்பாலாவுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்

1960களின் ஷெவ்ரோலே இம்பாலாவை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவருகிறவர்கள் முதலில் நிறத்தைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்து எஞ்சின். அதன் பிறகு வண்டியை எவ்வளவு தாழ்த்தலாம், அதை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக்ஸ் போட எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள். பிரேக்கைப் பற்றித் தாமாகக் கேட்டு வருபவர் அபூர்வம். ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமும் 1,600 கிலோ எடையும் உள்ள வண்டி அது. அதை நிறுத்துவது எப்படி என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இந்தப் பெரிய கார்களோடு வேலை செய்கிறவன் என்ற முறையில், இந்த வண்டிகளை நேசிப்பவர்களிடம் இதைச் சொல்லியாக வேண்டும்.

ஷெவ்ரோலே, ஃபோர்டு, பிளிமத் என்று அன்று சாலையை நிறைத்த பெரிய கார்களில் 1966 மாடல் வரை, பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறைதான். நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் ஆயில் அந்த ஒரே அறையிலிருந்துதான் போகும். எங்காவது ஓர் இடத்தில் குழாய் விட்டுப் போனால் போதும், பெடல் நேராகத் தரைக்கு இறங்கிவிடும், நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. கேடிலாக் 1962லேயே இரட்டை அறைக்கு மாறிவிட்டது. மற்றவர்களில் பெரும்பாலோர் 1967 மாடலில்தான் மாறினார்கள். 1966 செப்டம்பரில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட வாகனப் பாதுகாப்புச் சட்டமும், அதையொட்டி 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளும் இல்லாவிட்டால் இன்னும் எவ்வளவு காலம் ஆகியிருக்குமோ.

வண்டி தினமும் ஓடிய காலத்தில் இந்த ஒற்றை அமைப்பு ஓரளவு தாங்கியது, காரணம் யாராவது அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். இன்று அதே வண்டி பத்து, இருபது ஆண்டுகள் கராஜில் தூங்கிவிட்டு வெளியே வருகிறது. வெளியே பார்க்க நன்றாக இருக்கும் ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். நீர் கலந்த பிறகு அந்த எல்லை 140க்கு இறங்கிவிடுகிறது. சான் கேப்ரியல் மலையிலிருந்து, சுழலும் டிரம்முக்குள் ஷூ அழுத்தி நிறுத்தும் டிரம் பிரேக்கோடு இறங்கும்போது சூடு எங்கே போய் நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள். பவர்கிளைட் கியர்பாக்ஸில் இரண்டே கியர்தான். இறக்கத்தில் சின்ன கியருக்கு மாற்றாமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம்.

ஆயில் அளவு குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை என்று சிலர் சொல்வார்கள். பவர் பிரேக் உள்ள வண்டியாக இருந்தால் அது, மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டருக்குள் கசிந்து, எஞ்சினால் இழுக்கப்பட்டுப் புகையாகப் போய்க்கொண்டிருக்கலாம். டிரம்மைக் கழற்றி, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஓரமாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அந்தச் சிலிண்டரின் காலம் முடிந்துவிட்டது.

இதற்கு நான் சொல்லும் முதல் வைத்தியம் மலிவானது: இருக்கிற டிரம் பிரேக்கை அப்படியே வைத்துக்கொண்டு, நான்கு டிரம்முக்கென்றே செய்த இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரைப் போட்டு, முன் சக்கரக் குழாயையும் பின் சக்கரக் குழாயையும் தனித்தனியாகப் பிரித்துவிடுவது. முன்குழாய் போனால் பின் சக்கரங்களிலும், பின்குழாய் போனால் முன் சக்கரங்களிலும் பிரேக் பிடிக்கும். வண்டியின் அசல் தோற்றமும் கெடாது. சுழலும் தட்டைப் பேட் இருபுறமும் கவ்வி நிறுத்தும் டிஸ்க் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரை டிரம்மோடு இணைக்காதீர்கள். டிரம் அமைப்பில் குழாய்க்குள் சிறு அழுத்தம் எப்போதும் நிற்க வேண்டும், டிஸ்க்கில் அந்த அளவு அழுத்தம் நின்றால் பேட் தேய்ந்துகொண்டே இருக்கும். இரண்டின் வால்வும் வேறு.

முன் சக்கரங்களுக்கு டிஸ்க் போடுவது அதைவிட நல்லதுதான், முறையாகச் செய்தால். இங்கேதான் என்னைக் கவலைப்பட வைக்கும் ஒரு பழக்கம் வருகிறது. வண்டியைத் தாழ்த்தி அலங்கரித்து ஓட்டும் லோரைடர்காரர்களுக்கு 13 அங்குலக் கம்பி வீல் மேல் தீராத ஆசை. இம்பாலாவுக்குத் தொழிற்சாலையில் போட்டது 14 அங்குலம். பெரிய டிஸ்க்கும் அதன்மேல் பேட்டை அழுத்தும் காலிப்பரும் 13 அங்குல வீலுக்குள் அடங்காது. உடனே கிரைண்டரை எடுத்துக் காலிப்பரைத் தேய்த்து உள்ளே நுழைத்துவிடுகிறார்கள். பிரேக் மிதிக்கும்போது வீலின் வேகத்தை அடக்கும் முழு விசையையும் தாங்குவது அந்த வார்ப்பு உலோகம். அதில் எவ்வளவு தேய்த்தால் இன்னும் தாங்கும் என்று கிரைண்டர் பிடித்திருப்பவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தேய்த்த காலிப்பரோடு வரும் வண்டியை நான் அப்படியே திருப்பி அனுப்புவதில்லை. வேறு காலிப்பர், இல்லாவிட்டால் வேறு வீல் என்று பேசி முடித்த பிறகுதான் சாவியைக் கொடுப்பேன்.

அந்த வீலோடு வரும் டயருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் போட்டுப் பார்ப்பவர் குறைவு. வழக்கமாகப் போடுவது 155/80 ஆர்13. அதன் பக்கவாட்டில் 79 என்று சுமை எண் இருக்கும். ஒரு டயர் 437 கிலோ தாங்கும் என்று பொருள். நான்குக்கும் சேர்த்து 1,748 கிலோ. வண்டியே 1,600 கிலோ. டிக்கியில் ஹைட்ராலிக்ஸுக்காக ஆறு பேட்டரி வைத்தால் 150 கிலோவுக்கு மேல் கூடும். பம்புகள், சேஸிஸில் பற்றவைத்த இரும்புத் தகடுகள் தனி. இன்னும் ஒருவர்கூட ஏறி உட்காரவில்லை, அதற்குள் எல்லை தாண்டிவிட்டது. பேட்டரி எடை முழுதும் பின்னால் குவிவதால் பின் டயர்கள் படும் பாடு இன்னும் மோசம். மெதுவாகத் தெருவில் உலா போகும்வரை ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலையில் கோடை வெயிலில் அதே டயர் சூடேறி வெடிக்கும்போதுதான் தெரியும். டயரின் வயதையும் பாருங்கள். அதன் பக்கவாட்டில் உள்ள டாட் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். காட்சிக்கு மட்டும் போய்வரும் வண்டிகளில் பட்டன் தேயாமலே டயர் கிழடாகியிருக்கும்.

இனி சேஸிஸ். 1958 முதல் 1964 வரையிலான பெரிய ஷெவ்ரோலேக்களில் சேஸிஸ் எக்ஸ் வடிவம். நடுவில் ஒடுங்கி, முன்னும் பின்னும் விரியும். மற்றக் கார்களில் இரு ஓரத்திலும் நீளமாக ஓடும் இரும்புச் சட்டம் இதில் கிடையாது. பக்கவாட்டில் ஒரு வண்டி வந்து மோதினால் உங்களுக்கும் அதற்கும் நடுவே இருப்பது கதவும், கதவுக்குக் கீழே உள்ள ராக்கர் பகுதியும்தான். அந்த ராக்கரில்தான் துரு முதலில் பிடிக்கிறது. அதையே பட்டி போட்டு வழவழப்பாக்கி, மேலே மிட்டாய் நிறப் பெயிண்ட் அடித்து விற்கிறார்கள். காந்தத்தை ஒரு துணியில் சுற்றி அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், ஒட்டாவிட்டால் உள்ளே இருப்பது இரும்பல்ல. சேஸிஸின் கைகள் பின் அச்சுக்கு மேலே வளைந்து ஏறும் இடமும் அப்படித்தான். பெட்டி போன்ற குழாய் என்பதால் துரு உள்ளிருந்து வரும். கம்பிபோல் போகும் சிறு கேமராவை ஓட்டை வழியாக விட்டுப் பார்ப்பது நல்லது.

2009இல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் ஒரு சோதனை செய்தது. 1959 ஷெவ்ரோலே பெல் ஏரையும் 2009 மாலிபுவையும் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர், முன்பக்க அகலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி மட்டும் ஒன்றோடொன்று படும்படி மோதவிட்டார்கள். மாலிபுவில் இருந்த பொம்மைக்கு முழங்காலில் லேசான காயம். பெல் ஏரின் உட்புறம் நசுங்கிப் போனது, ஓட்டுநர் இடத்திலிருந்தவர் மனிதராக இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். பழைய கார் கெட்டி இரும்பு, மோதினாலும் ஒன்றும் ஆகாது என்று இன்னும் நம்புகிறவர்கள் அந்தக் காணொளியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இருக்கைப் பட்டையாவது போடுங்கள். பட்டையின் போல்ட்டைத் துருப்பிடித்த தரைத் தகட்டில் மாட்டாமல், அடியில் தடித்த இரும்புத் தகடு வைத்து மாட்டுங்கள்.

ஹைட்ராலிக்ஸ் போடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வண்டியின் எந்தப் பகுதியும் வீல் விளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 1950களின் இறுதியில் சட்டம் போட்டது. அதற்குப் பதிலாகத்தான் கார்களை மாற்றியமைக்கும் ரான் அகிரே 1959இல் விமானத்துக்கான ஹைட்ராலிக் பாகங்களைத் தன் கார்வெட்டில் பொருத்தி, வேண்டும்போது ஏற்றவும் இறக்கவும் வழி கண்டார். மெக்சிகோ வழி வந்த அமெரிக்கர்கள் தங்கள் கையால் வளர்த்த கலை இது. அந்தத் தடை 2024 ஜனவரியிலிருந்து நீங்கிவிட்டது, எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் வேலை சுத்தமாக இருக்க வேண்டும். ஹைட்ராலிக்ஸால் குதிக்கும் வண்டியின் எக்ஸ் சேஸிஸுக்கு மேல்தகடு பற்றவைக்காவிட்டால் விரிசல் விடும். அப்படிப் பற்றவைக்கும்போது சேஸிஸை ஒட்டி ஓடும் பிரேக் குழாய்களைக் கழற்றாமலே வெல்டிங் செய்கிறார்கள். சூட்டில் வெந்த குழாயின் மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. புதுக் குழாய் போட ஆகும் செலவு மொத்த வேலையில் ஒரு சிறு பங்கு.

பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் ஆறுக்கு 72 வோல்ட். பம்பு மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சோலினாய்டு ஒட்டிக்கொண்டால் சுவிட்சை விட்ட பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், கேபிள் பழுத்துத் தீப்பிடிக்கும். கையெட்டும் இடத்தில், ஒரே இழுப்பில் கிரவுண்டைத் துண்டிக்கும் இணைப்பு கட்டாயம் வேண்டும். சார்ஜ் ஏறும்போது எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வெளியாகும். டிக்கியைத் திறந்து வையுங்கள், சார்ஜரை நிறுத்தாமல் கிளிப்பைக் கழற்றாதீர்கள்.

வீட்டிலேயே டிரம்மைத் திறக்கிறவர்களுக்கு ஒன்று. 1960களின் பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. மாற்றாத பழைய ஷூ இன்னும் பல வண்டிகளில் இருக்கிறது. காற்றுக் குழாயால் ஊதாதீர்கள், காய்ந்த பிரஷ்ஷால் தட்டாதீர்கள். ஈரப்படுத்தித் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். இந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோய் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். உதவிக்கு நிற்கும் பிள்ளைகளை அந்த நேரம் வெளியே அனுப்பிவிடுங்கள்.

முழுதாக முடித்த வண்டியை வாங்கப் போகிறீர்கள் என்றால், பெயிண்டுக்கு முன் சேஸிஸை எடுத்த புகைப்படங்களைக் கேளுங்கள். அக்கறையோடு வேலை செய்தவரிடம் அவை கட்டாயம் இருக்கும், பெருமையாகக் காட்டுவார். இல்லையென்றால் லிஃப்டில் ஏற்றி அடியிலிருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பிரேக், டயர், சேஸிஸ் வேலைக்கு ஆகும் தொகையைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள். விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடலாம். 1964 இம்பாலாவை மட்டுமே லட்சக்கணக்கில் செய்திருக்கிறார்கள், வேறொன்று கிடைக்கும்.