புதினமா, நாவலா? செம்பனைக்காட்டு ஊரிலிருந்து ஒரு சொல் விளக்கம்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பலகை மாறியது, வாய் மாறவில்லை. ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடிக்கிறவர்கள் இன்றும் பத்தாங் என்றுதான் சொல்கிறார்கள். அதே கடையின் ஓரத்தில் இரவல் கொடுக்க ஓர் அலமாரி வைத்திருக்கிறேன். "புதினங்கள்" என்று அட்டையில் எழுதி ஒட்டியிருந்தேன். பழைய தோட்ட லயத்து அக்கா ஒருவர் சரியாக அந்த அட்டைக்குக் கீழே நின்றுகொண்டு, "தம்பி, நாவல் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார்.

நாவல் என்பது இத்தாலிய 'நொவெல்லா' வழி வந்த சொல். புதுச்செய்தி, புதுக்கதை என்று பொருள். வேர் லத்தீன் 'நோவுஸ்', அதாவது புது. நம் நாவல் மரத்துக்கும் அவ்வை கதையின் சுட்ட பழத்துக்கும் இதில் பங்கில்லை. ஒலி ஒத்ததால்தான் அது தமிழில் உறுத்தாமல் உட்கார்ந்துகொண்டது போலும்.

தமிழில் இந்த வடிவம் வந்தபோது அதற்கு அமைந்த பெயர் வேறு. 1879இல் வெளிவந்தது வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்'. 1898இல் மாதவையா எழுதியது 'பத்மாவதி சரித்திரம்'. இரண்டும் கற்பனைக் கதைகளே, ஆனால் பெயர் சரித்திரம். நம் பிள்ளைகள் மலாய் வகுப்பில் படிக்கும் 'செரித்தா' என்ற சொல்லும் வடமொழி 'சரித'த்திலிருந்து வந்ததுதான். தமிழில் சரித்திரம் வரலாற்றுப் பக்கம் ஒதுங்கிவிட்டது. மலாயில் அதன் உறவுக்காரச் சொல் இன்னும் கதையாகவே இருக்கிறது.

புதினம் என்பது புது என்ற அடியில் பிறந்த சொல். யாழ்ப்பாணத்தில் "என்ன புதினம்?" என்றால் என்ன செய்தி என்று அர்த்தம். நொவெல்லா செய்தியிலிருந்து கதைக்குப் போனது போலவே புதினமும் போயிருக்கிறது. இதைவிடப் பொருத்தமான நிகர்ச்சொல் கிடைக்காது. "ஆக்கின சொல் எல்லாம் ஒட்டாது" என்கிறவர்களுக்கு எங்கள் ஊரே பதில். எண்ணெய்ப்பனைக்குச் செம்பனை என்பது யாரோ ஆக்கிக் கொடுத்த சொல்தானே? குலை வெட்டுகிறவர் அதைத்தான் சொல்கிறார். புதினத்துக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை, பரிசளிப்பு மேடையோடு நின்றுவிட்டது. எழுத்தில் புதினம், பேச்சில் நாவல் என்பது என் கணக்கு.

அக்கா விடவில்லை. "எதுவா இருந்தாலும் சரி, நல்லதா ஒண்ணு குடு" என்றார். அங்கேதான் வகைப்பெயர்கள் வேண்டியிருந்தன.

கிரைம் நாவலைக் 'குற்றப்புதினம்' என்றால் போலீஸ் கோப்பு வாசனை அடிக்கிறது. துப்பறியும் கதை என்பதே நல்ல தமிழ். அதற்கும் பழைய சொல் ஒற்று. 'ஒற்றும் உரைசான்ற நூலும் இவையிரண்டும் தெற்றென்க மன்னவன் கண்' என்கிறது குறள். ஒற்றனும் நூலும் அரசனுக்கு இரண்டு கண்களாம். மலாயில் 'மாத்தா' என்றால் கண், 'மாத்தா மாத்தா' என்றால் போலீஸ்காரர், உளவாளி. தோட்டத்துப் பெரியவர்கள் "மாத்தா வர்றான்" என்று சொன்னபோது, அறியாமலே வள்ளுவர் பக்கத்தில் போய் நின்றிருக்கிறார்கள். மர்ம நாவலின் 'மர்மம்' உடலில் அடிபடக்கூடாத இடத்தைக் குறித்த வடசொல். வர்மக்கலையின் வர்மமும் அதுவே.

ரொமான்ஸ் முதலில் காதலைக் குறிக்கவில்லை. லத்தீனில் எழுதாமல், அதிலிருந்து கிளைத்து மக்கள் பேசிய 'ரொமான்ஸ்' மொழியில் சொன்ன கதை என்றே பொருள். வீரர்களின் சாகசம்தான் அதில் நிறைய, காதல் பின்னால் வந்து முழு இடத்தையும் பிடித்துக்கொண்டது. நமக்குக் காதல் கதை போதும். மலாயாத் தமிழ் நாவல்களில் முன்னோடியாகச் சொல்லப்படும் 1917ஆம் ஆண்டு நூலின் பெயரே 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'.

சிக்கல் மூன்றாவதில். விஞ்ஞானக் கதை, மாயக்கதை, பேய்க்கதை எல்லாவற்றையும் ஒரு குடையில் வைக்கும் 'ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்‌ஷன்' என்ற பெயரை 1947இல் அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் எழுதிய கட்டுரை பரப்பியது. அதன் லத்தீன் வேருக்கும் நோட்டம் பார்த்தல், வேவு பார்த்தல் என்றே பொருள். மறுபடியும் கண்! தமிழில் 'ஊகப்புனைவு' என்கிறார்கள். ஆனால் சங்கத் தமிழில் ஊகம் என்றால் கருங்குரங்கு. கோலா சிலாங்கூர் மெலாவாத்தி மலையில் 'லோத்தோங்' குரங்கு பார்த்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் வகுப்பு அன்றைக்கு அவ்வளவுதான். இருந்தாலும் ஊகப்புனைவே எனக்குப் பிடித்திருக்கிறது. விஞ்ஞானம் மட்டும் என்றால் அறிபுனை. அலமாரியில் இதை ஒரே சொல்லில் எழுதத் துணிவில்லாமல், "இப்படி நடந்தா?" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அக்கா அந்தத் தட்டைத்தான் முதலில் பார்த்தார். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை எடுத்துக் கொடுத்து, "இதுல ஜீனோன்னு ஒரு இயந்திர நாய் வரும்க்கா" என்றேன்.

"நாய் செத்துருமா? செத்துரும்னா வேணாம்."

"இதுக்கு அடுத்த புத்தகத்தோட பேரே 'மீண்டும் ஜீனோ'க்கா."

இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார்.