மூழ்கிய வெள்ளி யாருக்குச் சொந்தம்?

"சார், கடலுக்கு அடியில கேட்பாரில்லாம கிடந்தது. எடுத்தவனுக்குத்தானே சொந்தம்?" கப்பல், சரக்கு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்பதால், கடலோர ஊர்களிலிருந்து வருபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. புதையல் வேட்டைக் கதைகள் பரப்பிவிட்ட நம்பிக்கை. பலரை வம்பில் மாட்டிவிட்ட நம்பிக்கையும்கூட.

சட்டம் சொல்வது வேறு. கப்பல் மூழ்கியதாலேயே அதன் மீதும் சரக்கின் மீதும் இருந்த உரிமை போய்விடாது. உரிமையாளரோ வாரிசோ இருப்பார். நஷ்ட ஈடு கொடுத்த காப்பீட்டு நிறுவனம் இருந்தால், சரக்கின் உரிமை அதன் கைக்கு மாறியிருக்கும். மீட்டவர் கேட்கக்கூடியது மீட்புக் கூலி. அது நல்ல தொகையாகவே இருக்கலாம். ஆனால் கூலி வேறு, சொந்தம் வேறு.

இந்த வேறுபாட்டை விளக்க, இந்தியாவிலிருந்து வெள்ளி ஏற்றிக்கொண்டு போய் இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய இரண்டு கப்பல்களைத்தான் நான் எப்போதும் சொல்வேன். இரண்டுமே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல்கள்.

முதலாவது எஸ்.எஸ். கெய்ர்சொப்பா. 1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு, 1941 பிப்ரவரியில் அயர்லாந்துக்குத் தென்மேற்கே ஜெர்மன் நீர்மூழ்கியின் தாக்குதலில் மூழ்கியது. வெள்ளிக்குப் பிரிட்டிஷ் அரசின் போர்க்காலக் காப்பீடு இருந்தது. நஷ்ட ஈட்டைக் கொடுத்ததால் சரக்கு அரசுக்குச் சொந்தமாகிவிட்டது. ஒடிசி என்ற அமெரிக்க நிறுவனம் கடலில் இறங்கும் முன்பே அந்த அரசிடம் போய் ஒப்பந்தம் போட்டது. செலவும் ஆபத்தும் நிறுவனத்துக்கு; செலவு போக மிஞ்சுவதில் 80 சதவீதமும் நிறுவனத்துக்கே. 2012, 2013ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 4,700 மீட்டர் ஆழத்திலிருந்து நூறு டன்னுக்கு மேல் வெள்ளியை எடுத்தார்கள். வழக்கு இல்லை, வம்பு இல்லை.

இரண்டாவது எஸ்.எஸ். திலாவா. 1942 நவம்பரில் பம்பாயிலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குப் போன பயணிகள் கப்பல். 900க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். நவம்பர் 23 அதிகாலையில் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியதில் 280 பேர் இறந்தார்கள். அதே கப்பலில், தென்னாப்பிரிக்க அரசு நாணயம் அடிக்க வாங்கியிருந்த வெள்ளிக் கட்டிகளும் இருந்தன.

2017இல் ஆர்ஜென்டம் என்ற நிறுவனம் சுமார் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்திலிருந்து 2,364 கட்டிகளை மேலே கொண்டுவந்து, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் இறக்கியது. உரிமையாளரோடு ஒப்பந்தம் ஏதும் இல்லை. அங்குள்ள கப்பல் சிதைவு அதிகாரியிடம், அதாவது மூழ்கிய கப்பல்களிலிருந்து எடுத்த பொருள்களைக் கவனிக்கும் அரசு அதிகாரியிடம், முறைப்படி தகவல் கொடுத்தது. பிறகு தென்னாப்பிரிக்கா வந்து நின்றது: சரக்கு எங்களுடையது, எங்கள் மீது இங்கே வழக்கே தொடர முடியாது என்று.

பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போன சண்டை மீட்புக் கூலி பற்றியது. பிரிட்டிஷ் சட்டப்படி, மூழ்கிய நேரத்தில் கப்பலும் சரக்கும் வணிகப் பயன்பாட்டில் இருந்தால்தான் வெளிநாட்டு அரசின் மீது மீட்புக் கூலிக்கு வழக்குப் போட முடியும். கட்டணம் கொடுத்துச் சாதாரண வணிகக் கப்பலில் ஏற்றிய சரக்குதானே, அது வணிகம்தான் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பான்மையாக அதையே சொன்னது. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. கப்பலின் சரக்கு அறையில் சும்மா கிடக்கும் சரக்கை யாரும் எதற்கும் 'பயன்படுத்தவில்லை', ஆகவே தென்னாப்பிரிக்காவுக்கு வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்றது. அதற்கு முன்பே இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டுவிட்டன. செய்யாமல் இருந்திருந்தால், அத்தனை ஆழத்திலிருந்து எடுத்த வெள்ளிக்குக் கூலி கேட்டு அந்த நிறுவனம் அங்கே வழக்கே நடத்த முடிந்திருக்காது.

எனக்கு இதில் வருத்தம் தரும் விஷயம் இன்னொன்று. வெள்ளிக்காக இத்தனை நீதிமன்றங்கள் ஏறி இறங்கிய இந்த வழக்கில், அங்கே உயிரிழந்த 280 பேரின் குடும்பங்களுக்கு இடமே இல்லை. மீட்புச் சட்டம் பொருளைத்தான் பார்க்கிறது. மூழ்கிய கப்பல் ஒரு கல்லறையும்கூட என்பதை அது பார்த்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

போர்க்கப்பல் என்றால் சட்டம் இன்னும் கண்டிப்பு. 1804இல் மூழ்கிய ஸ்பெயினின் மெர்சிடிஸ் கப்பலிலிருந்து ஐந்து லட்சத்துக்கும் அதிகமான நாணயங்களை எடுத்தது அதே ஒடிசிதான். இந்த முறை ஸ்பெயினிடம் ஒப்பந்தம் இல்லை. அமெரிக்க நீதிமன்றம் மொத்தத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. 2012இல் அவை ஸ்பெயினுக்கு விமானம் ஏறின. அந்த நாணயங்கள் எங்கள் மண்ணில் அடித்தவை என்று பெரு வைத்த கோரிக்கை எடுபடவில்லை. காலனி ஆட்சியில் சுரண்டப்பட்ட மக்களுக்கு இதில் என்ன பங்கு என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை. என்னைக் கேட்டால், அது நியாயமான கேள்வி.

சரி, நம் கரைக்கு வருவோம். நிலத்தில் கிடைக்கும் புதையலுக்கான 1878ஆம் ஆண்டுச் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு, கடலில் எடுத்ததிலும் முக்கால் பங்கு தங்களுக்கு வரும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சட்டம் மண்ணில் புதைந்திருப்பதற்கானது. உடைந்த கப்பல், கரை ஒதுங்கிய சரக்கு ஆகியவற்றுக்கு வணிகக் கப்பல் சட்டம் இருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியிருக்கிறது. 1958 சட்டத்தின்படி, கண்டெடுத்தவர் பொருளைக் கப்பல் சிதைவு அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். உரிமையாளர் ஓராண்டுக்குள் வந்து கேட்கலாம். கூலியையும் செலவையும் கொடுத்துவிட்டு எடுத்துப் போகலாம். அப்படிக் கரை சேரும் சரக்குக்குச் சுங்க வரியும் உண்டு. 2025 மே மாதம் கொச்சிக்கு அருகே எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கி, கேரளக் கரையில் கன்டெய்னர்கள் ஒதுங்கியபோது யாரும் தொடக்கூடாது என்று அதிகாரிகள் எச்சரித்தது நினைவிருக்கும். வரி மட்டும் காரணமல்ல; அந்தக் கப்பலின் சில கன்டெய்னர்களில் தண்ணீர் பட்டால் எரிவாயு கிளப்பும் கால்சியம் கார்பைடு இருந்தது.

நான் பார்த்த சோகம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். விசைப்படகின் மடிவலையில் கப்பல் ஜன்னலின் பித்தளை வளையம் ஒன்று சிக்கும். பாசியைச் சுரண்டி, அமிலம் ஊற்றிப் பளபளவென்று தேய்த்து, காயலான் கடையில் எடை போட்டு விற்றுவிடுவார்கள். தேய்த்ததில் போனது அதில் பொறித்திருந்த எழுத்துகள். எந்தக் கப்பல், எந்த ஆண்டு என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அது. நூறு ஆண்டு தாண்டிய பொருள் தொல்பொருளாகவும் இருக்கலாம். அப்போது விற்றவர், வாங்கியவர் இரண்டு பேருக்கும் சிக்கல்.

ஆகவே ஏதாவது சிக்கினால் சுத்தம் செய்யாதீர்கள். ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கிடைத்தபடியே போட்டோ எடுங்கள். கரைக்கு வந்ததும் மீன்வளத் துறையிடமோ கடலோரக் காவல் நிலையத்திலோ எழுத்து மூலம் தகவல் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வலை கிழிந்திருந்தால், டீசல் செலவானால், அதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். யாரும் உரிமை கோராமல் பொருள் ஏலம் போனாலும், அந்தப் பணத்திலிருந்து உங்கள் மீட்புக் கூலியைக் கேட்க அந்தக் கடிதமும் சீட்டும்தான் உங்கள் கையிலிருக்கும் ஆவணம்.