அலாஸ்காவில் வால்ரஸ் தந்தச் சிற்பம் வாங்கலாமா?

வாங்கலாம். வனவிலங்குச் சட்டம் பார்க்கும் வக்கீல் என்பதால் அலாஸ்கா கப்பல் சுற்றுலாவுக்குக் கிளம்பும் நம்மவர்கள் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள், தந்தம் என்றாலே ஜெயில் என்ற பயம். யானைத் தந்தத்துக்கு அந்தப் பயம் நியாயம். ஆனால் அலாஸ்காவின் செயின்ட் லாரன்ஸ் தீவில் சவூங்கா, கேம்பெல் ஊர்களின் யூபிக் பூர்வகுடி மக்கள் செதுக்கும் வால்ரஸ் (நீண்ட தந்தங்கள் கொண்ட கடல் விலங்கு) தந்தம் வேறு விஷயம்.

1972-இல் வந்த அமெரிக்கக் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் வால்ரஸ், சீல், கடல் நீர்நாய் எதையும் கொல்லக் கூடாது என்கிறது, அலாஸ்காவின் கடலோரப் பூர்வகுடிகளுக்கு மட்டும் விலக்கு: வீணாக்காமல் பிழைப்புக்காக வேட்டையாடலாம், அதில் கைவினைப் பொருள் செய்து யாருக்கும் விற்கலாம். வால்ரஸ் தந்தத்தை 30 நாளுக்குள் அதிகாரிகளிடம் காட்டி வில்லை மாட்ட வேண்டும். செதுக்காத தந்தத்தை வெளியாருக்கு விற்க முடியாது, நகல் செதுக்கும் இயந்திரத்தில் மொத்தமாகச் செய்தாலும் விலக்கு போய்விடும்.

இவ்வளவு தெளிவாக இருந்தும் இந்தக் கைவினைஞர்களுக்கு அடி விழுந்தது. யானைகளைக் காக்க வந்த சில மாநிலச் சட்டங்கள் வால்ரஸையும் 'தந்தம்' என்ற பட்டியலில் சேர்த்துவிட்டன. 2016-இல் அமலுக்கு வந்த கலிபோர்னியா சட்டம் அப்படித்தான். மத்திய சட்டம் அனுமதித்தவற்றுக்கு அதிலேயே விலக்கு உண்டு, ஆனால் கடையில் நிற்பவர் அந்த உட்பிரிவைத் தேடிப் படிப்பாரா? வாங்காமல் போய்விடுவார். யானையைக் கொன்றவனுக்கான தண்டனையை, வருமானத்துக்கு வேறு வழி அதிகம் இல்லாத ஒரு தீவுக்காரர் சுமப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்புறம் போலிகள். வெளியூரில் அச்சில் வார்த்த பொம்மையைப் பூர்வகுடிகள் செய்தது என்று விற்பது அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டு 'இந்தியக் கலை, கைவினைச் சட்டப்படி' (இங்கே 'இந்திய' என்றால் அமெரிக்கப் பூர்வகுடிகள்) குற்றம், முதல் முறையே 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். அதனால் செய்தவர் பெயர், ஊர், என்ன பொருள் என்று கேளுங்கள், ரசீதில் எழுதி வாங்குங்கள். பூர்வகுடிகள் செய்தது என்பதற்கான அலாஸ்கா மாநில அரசின் 'சில்வர் ஹேண்ட்' முத்திரை இருந்தால் நல்லது.

கப்பல் கனடாவில் நிற்கும் என்றால் பொருளைக் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் செய்யலாம். அலாஸ்காவிலிருந்தே உங்கள் அமெரிக்க முகவரிக்குத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் வாங்குவதற்கு முன்பே ஏற்றுமதி அனுமதியை விசாரித்துவிடுங்கள்.