திங்கட்கிழமை வயிற்றுவலி

அந்த அம்மா மேசைமேல் வைத்த பிளாஸ்டிக் கவரில் மூன்று ஸ்கேன் அறிக்கைகள், ஒரு எண்டோஸ்கோப்பி, கற்றையாக ரத்தப் பரிசோதனைத் தாள்கள். எல்லாம் நார்மல். மகளின் மணிக்கட்டில் புதிதாகக் கட்டிய கறுப்புக் கயிறு. ப்ளஸ் ஒன் மாணவி. பள்ளி திறந்ததிலிருந்து பாதி நாள்கூடப் போகவில்லை. காலை 7 மணிக்கு வயிற்றுவலி, குமட்டல். திங்கட்கிழமை என்றால் வலி இரட்டிப்பு. பள்ளி வேன் தெருமுனையைத் தாண்டிவிட்டால் 9 மணிக்கு நாலு இட்லி தாராளமாக இறங்கும். “நடிக்கிறாள் மேடம்” என்றார் அப்பா. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

அவள் நடிக்கவில்லை. பயம் வந்தால் உடல் ஓடத் தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, ரத்தம் குடலை விட்டுத் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது, வயிறு பிசைகிறது. ஸ்கேனில் விழாது என்பதால் வலி பொய்யாகிவிடாது. இதை அப்பாவுக்குப் புரியவைக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆனது.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு, உளவியல் சிகிச்சை தரும் நாங்கள் முதலில் எடுப்பது சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை. 1960களில் பிலடெல்பியாவில் மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கியது. மனச்சோர்வில் இருப்பவர்களின் மனத்தில், அவர்களே கவனிக்காத வேகத்தில், தங்களைத் தாழ்த்தும் எண்ணங்கள் மின்னி மறைவதை அவர் கண்டார். எண்ணம் உணர்வைக் கிளப்புகிறது, உணர்வு நம்மை ஒன்றைச் செய்ய வைக்கிறது, செய்தது அந்த எண்ணத்தையே உறுதிப்படுத்துகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் ஊரில் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அந்த இருட்டுக்குள் எப்படிப் போய்ப் பார்ப்பது என்பதைத்தான் பழமொழி சொல்லாமல் விட்டுவிட்டது.

அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசினேன். வளரிளம் பருவத்தினரை அம்மா அப்பாவை வைத்துக்கொண்டு விசாரித்தால் தரையைப் பார்த்துக்கொண்டு “ஒன்றுமில்லை” என்பார்கள். உயிருக்கு ஆபத்தான விஷயத்தைத் தவிர வேறெதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகும், மூன்றாவது சந்திப்பில்தான் வாய் திறந்தாள். பத்தாம் வகுப்புவரை தமிழ்வழி. இப்போது ஆங்கிலவழி. இயற்பியல் வகுப்பில் வரிசையாக எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொல்கிறார்கள். “நேற்றுக் காலை சீருடையைப் பார்த்ததும் மனத்தில் என்ன ஓடியது?” என்று கேட்டேன். “வாய் குழறும். எல்லாரும் சிரிப்பார்கள். இவளெல்லாம் எதற்கு இங்கே வந்தாள் என்று நினைப்பார்கள்.”

பத்துக்கு எத்தனை பயம் என்றேன். ஒன்பது. வேன் போன பிறகு? இரண்டு. அந்த ஏழு புள்ளி நிம்மதிதான் நோயை வளர்க்கும் உரம். வீட்டில் இருந்ததால்தான் தப்பித்தோம் என்று மூளை குறித்துக்கொள்கிறது. மறுநாள் இன்னும் முன்னதாகவே மணி அடிக்கிறது. அம்மா எழுதிக் கொடுத்த விடுப்புக் கடிதங்கள் அத்தனையும் பாசத்தில் எழுதியவை. ஒவ்வொன்றும் அந்தப் பயத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு.

தொழிலுக்கு வந்த புதிதில் இந்த இடத்தில் நான் தவறு செய்திருக்கிறேன். “யாரும் சிரிக்க மாட்டார்கள், நீ நினைப்பது தவறு” என்று வக்கீலைப் போல வாதாடுவேன். ஒரு பையன், “நீங்கள் என் வகுப்பைப் பார்த்ததே இல்லையே” என்றான். சரியான கேள்வி. சிபிடி என்றால் நல்லதையே நினைக்கச் சொல்வது என்று பலர் எண்ணுகிறார்கள். எண்ணத்தை ஒரு கணிப்பாக எழுதிவைத்து, வெளியே போய் அது பலிக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதுதான் அதன் வேலை. பாதிக்குமேல் வேலை என் அறைக்கு வெளியேதான் நடக்கும். அதற்காக ஒரு நோட்டு. “இங்கேயும் வீட்டுப்பாடமா?” என்று முகம் சுளித்தாள்.

அந்த நோட்டில் எட்டுப் படிகள் வரைந்தாள். சீருடையோடு பள்ளி வாசல்வரை போய்த் திரும்புவது முதல் படி. பிறகு இரண்டு பாடவேளை. அப்புறம் தோழிக்கு மட்டும் ஒரு பத்தி வாசித்துக் காட்டுவது. ஏழாவது படி, வகுப்பில் வாசிப்பது. எட்டாவதை நான் சொன்னதும் எழுந்து போய்விடுவாள் போலிருந்தது: வாசிக்கும்போது வேண்டுமென்றே ஒரு சொல்லில் தடுமாற வேண்டும். கணிப்பை எழுதச் சொன்னேன். நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் சிரிப்பார்கள் என்று எழுதினாள்.

பத்து வாரம் ஆனது அங்கே வந்து சேர. நடுவில் நான்காம் படியில் சறுக்கி ஒரு வாரம் வீட்டிலேயே இருந்தாள். கீழே ஒரு படி இறங்கி மறுபடி ஏறினோம். கடைசியில் நோட்டில் இருந்தது இது: “இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தி என் தோழி. மிஸ் உச்சரிப்பைத் திருத்திவிட்டு அடுத்தவளை எழுப்பினார். பின்பெஞ்சுக்காரி ஸ்கேல் கேட்டாள்.” இரண்டு பேர் சிரித்ததும் நல்லதுதான். ஒருவரும் சிரிக்காதிருந்தால், சிரித்தாலும் தாங்க முடியும் என்பது தெரியாமலே போயிருக்கும்.

வீட்டுக்கும் பாடம் உண்டு. “ஒன்றும் ஆகாது” என்று காலையில் இருபது முறை சொல்வதை அம்மா நிறுத்த வேண்டும். பதிலாக, “பயமாக இருக்கிறது, புரிகிறது. இன்றைக்கு எந்தப் படி?” அப்பா, “எங்கள் காலத்தில்…” என்று தொடங்குவதை நிறுத்த வேண்டும். இரண்டாவதுதான் கடினமாக இருந்தது.

எல்லாவற்றுக்கும் சிபிடி மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதற்ற நோய் உள்ள 7 முதல் 17 வயதுவரையிலான 488 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், சிபிடி மட்டும் பெற்றவர்களில் 60 சதவீதம் பேர் தேறினார்கள். மருந்தும் சேர்ந்தபோது 81 சதவீதம். மனச்சோர்வில் கதை வேறு. 12 முதல் 17 வயதுவரையிலான 439 பேரை வைத்து 2004இல் வந்த ஆய்வில் மருந்தும் சிபிடியும் சேர்ந்ததே முன்னால் நின்றது. தனி சிபிடி, ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த மருந்தில்லாத வெற்று மாத்திரையைத் தெளிவாக முந்தவில்லை. ஆகவே சாப்பாடு தூக்கம் கெட்டு, சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையை, கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளையை, முதலில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இன்னொன்று. இரண்டு மணி நேர உற்சாகப் பேச்சை சிபிடி என்று விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். போகும் இடத்தில், மருத்துவ உளவியலாளர்களைப் பதிவுசெய்யும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பிள்ளையைத் தனியாகப் பார்க்கிறார்களா, வாராவாரம் எதையாவது எழுதவும் செய்யவும் கொடுக்கிறார்களா என்று கவனியுங்கள். பொதுவாகப் பன்னிரண்டு முதல் பதினாறு சந்திப்புகள் ஆகும். ஒரே நாளில் மாற்றிக் காட்டுகிறேன் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

அந்தப் பெண் பதினான்காம் சந்திப்போடு விடைபெற்றாள். அன்று காலையிலும் வயிறு லேசாக வலித்ததாம். பயம் மூன்று என்று குறித்துவிட்டு வேனில் ஏறியிருக்கிறாள். மற்ற பிள்ளைகளுக்குக் காட்ட அந்த நோட்டை என்னிடம் விட்டுச் செல்ல முடியுமா என்று கேட்டேன். தர மறுத்துவிட்டாள். ப்ளஸ் டூவில் செய்முறைத் தேர்வு இருக்கிறதாம்.